ஒன்பது மூலை ஏரிக்கு ஒரு கேரவன்

பிப்ரவரி 9, ஞாயிறு

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பழைய இருபது சீட் வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, வெங்கடாசல ஆசாரி உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கொடுத்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில் பாத்திர அலமாரி. தெருவில் எல்லோரும் கேரவன் என்கிறார்கள். எந்த நடிகை வருகிறாள் என்று கறிக்கடைக்காரன் கேட்டான். பாவாயி என்றேன். என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து சிரித்தது கேட்டது.

முன்னால் ‘பாவாயி துணை’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்றிலிருந்து எழுதப் போகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தமிழைச் சுவரொட்டியிலும் இந்தியை மைல் கல்லிலும் படித்தேன். முப்பத்தாறு வருஷம் நாமக்கல்லிலிருந்து வடக்கே லாரி ஓட்டினேன். ஈரோட்டில் மஞ்சள் ஏற்றி ஹல்த்வானி மண்டி வரை எத்தனை நடை போயிருப்பேன் என்று நினைவில்லை. ஹல்த்வானியோடு சமவெளி முடிந்துவிடும். அங்கேயே மலை எழுந்து நிற்கும். நைனிதால் நாற்பது கிலோமீட்டர் என்று பலகை இருக்கும். மேலே ஏரி ஏரியாகக் கிடக்கிறது என்பார்கள். சரக்கை இறக்கின கையோடு திரும்பிவிடுவேன். அந்த நாற்பது கிலோமீட்டரை ஒருநாளும் போனதில்லை.

அங்கே டீக்கடைக்காரன் ஒருவன் சொல்வான்: மேலே நௌகுசியாதால் என்று ஒரு ஏரி, அதற்கு ஒன்பது மூலை, ஒரே இடத்தில் நின்று ஒன்பதையும் பார்த்தவன் யாரும் இல்லை, பார்த்தவனுக்கு மோட்சம். நிற்கத் தெரியாதவர்கள் பார்த்திருப்பார்கள் என்பேன் நான். சித்திரை பிறந்ததும் கிளம்புகிறோம். ஒன்பதையும் பார்ப்பேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பாவாயிக்கு முறை மறந்துபோய்விட்டது. உப்பும் ஊறுகாயும் இலையில் இடப்பக்கம் வைக்க வேண்டியது. கல்யாண வீடானாலும் காரிய வீடானாலும் அதுதான் முறை. இவள் கொஞ்ச நாளாக எல்லாவற்றையும் வலப்பக்கமே வைக்கிறாள். டம்ளரும் வலப்பக்கம். மாத்திரையும் வலப்பக்கம். “எந்த ஊருலடி இப்படி வைக்கறாங்க?” என்று கேட்டேன்.

“கை போன பக்கம் வெச்சேன். சாப்புடுங்க” என்றாள்.

தீபாவளி சமயத்தில் குளியலறையில் தலைசுற்றி விழுந்தேன். பித்தம். எலுமிச்சைச் சாறு குடித்துச் சரியாகிவிட்டது. அதிலிருந்து இவள் பார்வையே வேறு மாதிரி இருக்கிறது.

சைக்கிளை வாசலில் இடப்பக்கமாகச் சாத்தி வைக்காதே என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் இன்று மூன்றாம் தடவையாகச் சொன்னேன். முழங்கால் சிராய்ப்பு.

மார்ச் 5, புதன்

நாச்சிமுத்து வந்தான். வழி குறித்தோம். பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், சியோனி, ஜான்சி, ஆக்ரா, பரேலி, ஹல்த்வானி. இவன் பதினோரு வருஷம் எனக்குக் கிளீனராக இருந்தவன். பிறகு லைசென்ஸ் வாங்கி எனக்கே மாற்று டிரைவராக வந்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன். இந்தப் பயணத்துக்கு அவனும் அவன் சம்சாரம் ருக்குமணியும் கூட வருகிறார்கள். பெண்கள் உள்ளே படுத்துக்கொள்ளலாம், எங்களுக்கு வண்டிக்கு அடியில் படுத்துப் பழக்கம்.

“ஓட்டறதப் பங்கு போட்டுக்கலாம்ணா” என்றான்.

“நீ எடப்பக்கம் உக்காந்து கதவத் தட்டு. அது போதும்.”

லாரியில் டிரைவருக்கு இடப்பக்கம் கிளீனர்தான் கண். கதவை ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் போ. அவன் தட்டை நம்பித்தான் சம்பல் ஆற்றுப் பாலத்தில்கூடப் பின்னால் எடுத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே சரி என்றான். ஆனால் என் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாவாயி ஜன்னல் திரைகளைத் தைத்து முடித்துவிட்டாள். நீலம். ஏரி நீலமாக இருக்கும் என்று யார் சொன்னார்களோ.

மார்ச் 14, வெள்ளி

ஒத்திகை ஓட்டம். மோகனூர் பாதையில் போய்த் திரும்பினோம். வண்டி நன்றாகப் போகிறது. மூன்றாம் கியரில் மட்டும் சிறிது இரைச்சல். அடுப்பு மேடையில் கட்டியிருந்த பாத்திரம் அவிழ்ந்து உருண்டது. நாச்சிமுத்துவைப் பின்னால் போய்ப் பிடிக்கச் சொன்னேன்.

“எடப்பக்கம் யாருண்ணா பாக்கறது?” என்றான்.

“நான் இல்லையா?” என்றேன்.

அவன் எழுந்து போன சற்று நேரத்தில் இடப்பக்கக் கண்ணாடி ஒடிந்தது. புளியமரக் கிளை ரோட்டுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ கத்தினது போல இருந்தது. மயிலாக இருக்கும். அந்தப் பக்கம் மயில் அதிகம்.

நாச்சிமுத்து, “நீங்க எறங்காதீங்கண்ணா” என்று சொல்லிவிட்டுச் சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். ஒன்றரை மணி நேரம் கழித்து ஆட்டோவில் வந்தான். அதுவரை நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். வெயில். வீட்டுக்கு அவன்தான் ஓட்டிவந்தான். எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கேபினில் நடந்தது கேபினோடு. முதலாளியிடமும் சொல்லக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது. லாரித் தொழிலில் எங்களுக்கு இருந்த ஒரே வேதம் அது.

மார்ச் 15, சனி

புதுக் கண்ணாடி வாங்கி மாட்டினேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவர் சான்று வேண்டும். எனக்கு வழக்கமாகப் போட்டுத் தரும் டாக்டரிடம் போகலாம் என்றேன். நாடியைக்கூடப் பிடிக்கமாட்டார், நல்லவர். நாச்சிமுத்து வேறு ஓர் இடத்துக்கு அழைத்துப் போனான். கண் டாக்டர், சின்ன வயசு அம்மாள். பலகையில் கடைசி வரி எழுத்து வரைக்கும் படித்துக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு பெரிய வெள்ளைச் சட்டி போன்ற மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன விளக்கு எரியும். எரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். சிறுபிள்ளை விளையாட்டு.

முடிந்ததும், “உங்க மிஷினு ரிப்பேருங்கம்மா. எடப்பக்கம் பல்பு ஒண்ணும் எரியல” என்றேன்.

அவள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். “நீங்க சொன்னது சரிதாங்க” என்றாள் அவனிடம்.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. முன்கூட்டியே போய்ச் சொல்லி வைத்திருக்கிறான்.

கண்ணில் குறை இல்லையாம். தலைக்குள் ரத்தம் அடைத்து, இடப்பக்கத்துப் பாதி அழிந்துவிட்டதாம். இரண்டு கண்ணுக்குமே. எனக்கு அது இருட்டாகத் தெரியாதாம், இல்லாததாகவே தெரியாதாம். “ஐயா, அடிக்கடி தலைய எடப்பக்கம் திருப்பிப் பாத்துப் பழகுங்க. வண்டி மட்டும் வேண்டாம்” என்றாள்.

முப்பத்தாறு வருஷம் தலையைத் திருப்பாமல் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டினவன் நான். அவளுக்கு என்ன தெரியும்.

சான்று தரவில்லை. வரும் வழியில் நாச்சிமுத்துவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

சாவியைக் காணோம். ஆணியில் மாட்டியிருந்தேன். பாவாயியைக் கேட்டேன்.

“என்றகிட்டத்தான் இருக்குது. தரமாட்டேன்.”

“அந்த நாயி உன்னையும் பேசி மாத்திப்போட்டானா?”

“அவரு மாத்தல. நான்தான் அவரப் போயி டாக்டரம்மாகிட்டச் சொல்லச் சொன்னேன்.” இதைச் சொல்லும்போது அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. “தீவாளியில இருந்து பாக்கறேன். எடப்பக்கம் வெச்ச சோத்தத் தொடாம எந்திரிக்கறீங்க. நான் அந்தப்பக்கம் நின்னாக் கூப்புட்டுத் தேடறீங்க. அதான் எல்லாத்தையும் இந்தப்பக்கம் வெச்சேன்.”

“அஞ்சு மாசமாத் தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“உங்களுக்குந்தான் தெரியும். நீங்க ஏன் சொல்லல?”

நான் தட்டத்தைத் தள்ளிவிட்டேன். அதற்கும் அவள் அசையவில்லை.

“பால் ஊத்தற அத்தாயி கை ஒடிஞ்சு கெடக்கறா. வாய்க்கால் தெருவுல. மோகனூர் ரோட்டுல சைக்கிளோட பள்ளத்துல போயி உழுந்திருக்கறா. புளியமரக் கெளையாம், மயிலாம்!”

மயில் என்று நான் இந்த நோட்டில் தவிர வேறெங்கும் சொல்லவில்லை. இதையும் படித்திருக்கிறாள். இனி இதைப் பெட்டியில் வைத்துப் பூட்டப் போகிறேன்.

இந்த வீட்டில் எனக்கு யாரும் இல்லை.

மார்ச் 27, வியாழன்

அவன் வேதத்தை உடைத்துவிட்டான். இனி நானும் எழுதலாம்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், சியோனிக் காட்டில். நாச்சிமுத்து அப்போது கிளீனர், லைசென்ஸ் கிடையாது. எனக்குக் காய்ச்சல். கொஞ்ச தூரம் நான் எடுக்கிறேன் என்றான், கொடுத்துவிட்டுப் பின்னால் படுத்தேன். விடியும் நேரம் தூங்கிப்போய் ஒரு டீக்கடைக்குள் ஏற்றிவிட்டான். கடைக்காரனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. நாச்சிமுத்து நடுங்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடப் பார்த்தான். இழுத்து இடப்பக்கச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். போலீஸ் வந்ததும், ‘நான்தான் ஓட்டினேன், கண் அசந்துவிட்டது’ என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பத்தொன்பது நாள் சியோனி ஜெயிலில் இருந்தேன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். பாவாயியிடம்கூட வண்டி பிரேக்டவுன் என்றுதான் சொன்னேன்.

முப்பத்தொரு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. அவனால் பத்து நாள் மூடியிருக்க முடியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாச்சிமுத்து வந்து வாசலில் நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. பாவாயி சொன்னாள்.

“அண்ணா, பயணத்த நிறுத்த வேண்டாம். நான் ஓட்டறேன். நீங்க முன்னால உக்காந்து வழி சொல்லுங்க.”

“எங்க உக்கார?”

இடப்பக்கச் சீட்டு. கிளீனர் சீட்டு. என் வண்டியில், என் பழைய கிளீனர் ஸ்டியரிங் பிடிக்க, நான் கதவைத் தட்டிக்கொண்டு போக வேண்டும். அதுவும் எந்தப் பக்கம் தெரியவில்லை என்கிறார்களோ அந்தப் பக்கத்துக்கு.

“அதுக்கு என்னைப் பின்னால தொட்டிலுல போட்டு ஆட்டிக்கிட்டுப் போயிருங்க” என்றேன்.

“அப்பொ நான் முன்னால உக்காந்துக்கறேன்” என்றாள் பாவாயி.

நான் சிரித்தேன். அவள் சேலத்தைத் தாண்டினதில்லை.

“சிரிக்காதீங்க. நான் வாரேன். நீங்க வந்தா வாங்க.”

ஏப்ரல் 15, செவ்வாய்

வரமாட்டேன் என்று நான்கு தடவை சொல்லியாகிவிட்டது. அவள் நான்கு தடவையும் கேட்டாள். ஐந்தாம் தடவை கேட்கவில்லை. முறுக்கு சுட்டு டின்னில் அடைத்தாள். எனக்கென்று புளிக்குழம்பு காய்ச்சி வைத்தாள். வெறும் மிரட்டல். போகமாட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

போய்விட்டாள்.

காலை ஆறு மணிக்கு. ருக்குமணி சூடம் சுற்றினாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற பேச்சு அறைக்குள் கேட்டது. பாவாயி வந்து கட்டில் ஓரம் நின்றாள். எந்தப் பக்கம் என்று எழுத வேண்டியதில்லை, எனக்குத் தெரிகிற பக்கமாகத்தான் வந்து நின்றாள்.

“முப்பத்தாறு வருசம் நீங்க போறதப் பாத்துக்கிட்டு வாசல்ல நின்னவ நானு. ஒருக்கா நீங்க நில்லுங்க.”

நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறும் சத்தத்தோடு வண்டி கிளம்பியது. இரண்டாம் கியரை அவன் இன்னும் தாமதமாகத்தான் போடுகிறான். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வாசலுக்குப் போய் நிற்கவில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

போன் மூன்று தடவை அடித்தது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

நானே சமைக்கிறேன். ரோட்டோரம் கல் கூட்டிச் சமைத்தவனுக்கு இது ஒரு வேலையா. அவள் குழம்பை மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன். பிறகு அதைவிட நல்லதாக என்னால் வைக்க முடியவில்லை.

இலை அறுத்துப் போட்டு முறைப்படி இடப்பக்கம் ஊறுகாய் வைத்தேன். சாப்பிட்டு எழுந்தபோது ஊறுகாயில்லாமல் சாப்பிட்டது போல இருந்தது. இலையை மடிக்கும்போது விரலில் ஒட்டியது.

இப்போது நாக்பூர் தாண்டியிருப்பார்கள். சியோனிச் சாலைதான் அடுத்து. நாச்சிமுத்து அந்த வளைவில் என்ன நினைப்பான்?

ஏப்ரல் 22, செவ்வாய்

வாய்க்கால் தெருவுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. இதை எழுதி வைக்கிறேன், பிறகு யாராவது தாங்கள் சொல்லித்தான் போனேன் என்று சொல்லக்கூடும்.

இரண்டு கிலோமீட்டர். நடந்தே போனேன். அத்தாயி வீடு என்று ஒரு பிள்ளை காட்டியது. வாசலில் ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது. ஆளைக் காணோம். கன்றுக்குட்டியைப் பார்த்து, “வீட்ல யாருங்க?” என்றேன்.

“இந்தப் பக்கமுங்க” என்று ஒரு குரல்.

இடப்பக்கம். தலையைத் திருப்பினேன். முழுவதுமாகத் திருப்ப வேண்டியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கைக்கெட்டும் தூரம். அவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறாள்.

“லாரி வையாபுரி நானு” என்றேன்.

“அட, கேரவன் ஓனருங்களா! உக்காருங்க. உங்க டிரைவரு போய்ச் சேந்துட்டாருங்களா?”

“எந்த டிரைவரு?”

“நாச்சிமுத்து அண்ணனுங்க. அவருமாதிரி மனுசனப் பாக்க முடியாதுங்க. அன்னிக்குப் பள்ளத்துல எறங்கி என்னியத் தூக்கினப்பவே சொல்லிப்போட்டாரு. ‘நான்தான் ஓட்டினேன் தாயி, கண்ணு அசந்துபோச்சு’ன்னு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி கட்டுப் போட வெச்சது அவரு. கெளம்பற நாளு வரைக்கும் காலையில வந்து என்ற வாடிக்கைக்கெல்லாம் பாலு ஊத்தினதும் அவருதான். நெசத்தச் சொல்ற மனுசன்மேல கேஸு என்னத்துக்குன்னு விட்டுட்டேனுங்க.”

கண் அசந்துவிட்டது. என் வார்த்தை அது. சியோனியில் நான் சொன்ன வார்த்தை.

கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தேன். பேசாமல் எழுந்து வந்துவிடலாம் என்றும் தோன்றியது. எழுதுகிறேன், ஏன் மறைக்க வேண்டும். தோன்றியது. கன்றுக்குட்டி என் வேட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

“அவன் ஓட்டலீங்க. நான் ஓட்டினேன்.”

அவள் புரியாமல் பார்த்தாள். “இப்ப எதுக்குங்க அதை வந்து சொல்றீங்க? அவருதான் ஒத்துக்கிட்டாருல்ல.”

“என்ற வண்டிய, நான் முன்னால உக்காந்திருக்கறப்ப, வேற ஒருத்தன் ஓட்டினான்னு ஊருல பேச்சிருக்கக் கூடாது.”

“இதென்ன வீம்புங்க!” என்றாள். பிறகு கேட்டாள். “அப்பறம் அன்னிக்கு ஏனுங்க எறங்கி வரல? நான் அத்தனை கத்து கத்தினேனே.”

உண்மையைத்தான் சொன்னேன்.

“மயிலுன்னு நெனச்சேன்.”

“மயிலா?” என்றாள். “நானா?” அவள் சிரிக்க ஆரம்பித்துக் கட்டு வலித்து, “ஐயோ, ஐயோ” என்று நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர். அது சிரிப்பால் மட்டும் வந்தது இல்லை. “நெனச்சீங்களா, நெனச்சுக்கிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“நெனச்சுக்கிட்டேன்” என்றேன்.

தலைக்குள் அடைப்பு, பாதிப் பக்கம் தெரியாது என்பதையும் சொன்னேன். வீட்டுக்கு வெளியே ஓர் ஆளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேஸ் போடுவதானால் என் பேரில் போடும்படி விலாசம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய் வந்து மோர் கொடுத்தாள். டம்ளரை என் வலப்பக்கம் வைத்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. எடுத்தேன்.

“ஏனுங்க, ஏரிக்கரையில நிக்கறோம்” என்றாள் பாவாயி. நான் எடுத்ததற்கு ஆச்சரியப்படுகிறாள் என்று தெரிந்தது. “தண்ணி நீலமில்லீங்க, பச்சை. குளுரு நடுக்குது.”

“எத்தனை மூலை?”

“ஏழு எண்ணினேன். நாச்சிமுத்து எட்டுங்கறாரு. ருக்குமணி பத்துங்கறா. இங்க ஒரே சண்டை.”

“அவன்கிட்டக் குடு.”

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு, “அண்ணா” என்றான்.

“அத்தாயி வீட்டுக்குப் போனேன்.”

“எதுக்குண்ணா?” என்றான்.

“சொல்லிப்போட்டேன், நான்தான் ஓட்டினேன்னு. யாரைக் கேட்டுடா என்ற ஆக்ஸிடெண்டை நீ எடுத்துக்கிட்டே?”

“சியோனியில நீங்க யாரக் கேட்டீங்கண்ணா?” என்றான்.

போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னதற்கு அவனை நான் மன்னிக்கப் போவதில்லை. சாவியை எடுத்ததற்கு அவளையும். திரும்பி வரட்டும், நேரிலேயே சொல்கிறேன். வரும்போது சியோனி வழியாக வராமல் சுற்றி வரச் சொல்ல வேண்டும், அந்த வளைவு அவனுக்கு ஆகாது. சாயங்காலம் அடித்தால் சொல்லலாம்.

மத்தியானம் இலை போட்டுச் சாப்பிட்டேன். ஊறுகாயை இடப்பக்கம்தான் வைத்தேன். அதுதான் முறை. எடுத்தும் சாப்பிட்டேன்.